வாட்ச் வாங்கட்டுமா, டீச்சர்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உடற்பயிற்சிக் கருவிகளைப் பற்றியே இருக்கின்றன. பண்டிகைத் தள்ளுபடி நெருங்குகிறது, காரணம் புரிகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட மைதானத்தில் பி.டி. டீச்சராக நின்றவள் நான். இன்றும் காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு நடக்கப் போகிறேன். அங்கேயும் இதே பேச்சுதான். அதனால் நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

கேள்வி: வயது 29. கணக்கு எழுதும் வேலை, சம்பளம் 31,000. நான்கு மாதமாக வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். இப்போது 7 கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிகிறது. மணிக்கட்டில் கட்டும் 1,800 ரூபாய் ஃபிட்னஸ் பேண்ட் ஒன்று இருக்கிறது. ஓட்டக்காரர்களுக்கென்றே வரும் ஜிபிஎஸ் வாட்ச் ஒன்றின் மேல் ஆசை. விலை 33,000. ஒன்பது மாதத் தவணை, வட்டி இல்லை என்கிறார்கள். தினமும் ராத்திரி அதைப் பற்றிய வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறேன். மனைவியிடம் விலையைப் பாதியாகச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். இது பேராசையா, டீச்சர்? — பெயர் வேண்டாம், தென்காசி.

பதில்: பேராசை இல்லை, தம்பி. நான்கு மாதம் விடாமல் ஓடியவருக்கு ஓட்டம் சம்பந்தப்பட்ட ஒரு பொருள் மேல் ஆசை வருவது இயற்கை. ஓடாமலே வாட்ச் கேட்டு எழுதுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு வேறு பதில் சொல்லுவேன். நீங்கள் கேட்டதில் எனக்கு உறுத்தியது கடைசி வரிக்கு முந்திய வரி மட்டும்தான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் அந்த வட்டியில்லாத் தவணை. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. இப்போது நடப்பது என்னவென்றால், வங்கி வட்டி போடுகிறது, அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் குறைத்துக் காட்டுகிறார். ஆனால் கிரெடிட் கார்டுத் தவணை என்றால் வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதை யாரும் குறைப்பதில்லை. செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று தனி. 33,000 ரூபாய்ப் பொருளுக்கு இரண்டும் சேர்ந்து ஐந்நூறு அறுநூறு ரூபாய் வரை போகும். இது பெரிய தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏதோ ஒரு மாதம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கார்டு பில்லை முழுசாகக் கட்ட முடியவில்லை என்றால் அங்கேதான் ஆபத்து. மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 42 சதவீதம். கந்துவட்டி என்று நாம் பயப்படுவதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

மாதத் தவணை 3,667 ரூபாய். உங்கள் சம்பளத்தில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. அதே ஒன்பது மாதத்துக்குள் உங்களுக்கு இன்னொரு செலவு கட்டாயம் வரும். ஓடுகிற ஷூவின் அடிப்பாகம் 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மெத்தென்ற தன்மையை இழந்துவிடும். வாரம் 20 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்றால் ஆறிலிருந்து ஒன்பது மாதம். வாட்ச் இல்லாமல் ஓடினால் முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது. தேய்ந்த ஷூவோடு ஓடினால் எந்த வாட்சும் காப்பாற்றாது. அதனால் ஷூவுக்கான பணத்தை இன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள்.

அப்புறம், வாட்ச் தவணையைக் கடைக்காரருக்குக் கட்டாமல் உங்களுக்கே கட்டுங்கள். வங்கியில் ஒன்பது மாத ஆர்.டி. ஒன்று ஆரம்பித்து, அதே 3,667 ரூபாயை, சம்பளம் வந்த மறுநாளே போடுங்கள். நான்காவது மாதமே மூச்சு முட்டுகிறது என்றால், தவணையில் வாங்கியிருந்தாலும் அதே நான்காவது மாதம் முட்டியிருக்கும். ஆர்.டி.யை நிறுத்திக்கொள்ளலாம், கடனை நிறுத்த முடியாது. ஒன்பது மாதமும் சிரமமில்லாமல் கட்டிவிட்டீர்களா, பணம் கையில் இருக்கிறது, அதற்குள் பெரும்பாலும் அந்த மாடலின் விலையும் இறங்கியிருக்கும்.

இனி முக்கியமான விஷயம். அந்த ஒன்பது மாதம் சும்மா காத்திருக்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஓடி முடித்ததும் தேதி, தூரம், நேரம், எப்படி இருந்தது என்று ஒரு வரி. தூரத்துக்கு உங்கள் போனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸே போதும், இடுப்புப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்துப் பதினைந்து விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள். கட்டைவிரலால் எண்ணக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. பழக்கம் ஏற ஏற இந்த எண் மெல்ல இறங்கும். முந்தின நாள் தூக்கம் கெட்டாலோ காய்ச்சல் வரப்போகிறது என்றாலோ திடீரென்று ஏறும். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியும், பாட முடியாது என்றால் அது மிதமான வேகம். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை பன்னிரண்டு நிமிட ஓட்டம் வையுங்கள். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் கொடுத்த சோதனை இது. 400 மீட்டர் டிராக்கில் முதல் லேனில் பன்னிரண்டு நிமிடம் உங்களால் முடிந்த அளவு ஓடி, தூரத்தை மீட்டரில் குறியுங்கள். அதிலிருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் வருவதுதான் விஓ2 மேக்ஸ், அதாவது கடுமையாக ஓடும்போது உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதன் மதிப்பீடு. 2,400 மீட்டர் ஓடினால் 42 சொச்சம். அந்த 33,000 ரூபாய் வாட்ச் முகப்பில் காட்டுகிற அதே எண்ணுக்கு, செலவில்லாமல் ஒரு மதிப்பீடு கிடைத்துவிடுகிறது. என் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வைத்திருக்கிறேன்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று எழுதுங்கள். "இப்போது வாட்ச் இருந்திருந்தால்" என்று தோன்றிய ஒவ்வொரு தடவையும், எதற்காகத் தோன்றியது என்று தேதி போட்டு எழுத வேண்டும். இதுதான் நான் காட்டக்கூடிய ஒரே வித்தை. ஒன்பது மாதம் கழித்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் நாடித்துடிப்பு பற்றியே எழுதியிருந்தால், உங்களுக்கு வேண்டியது அந்த வாட்சே இல்லை, நெஞ்சில் கட்டும் பட்டைதான். மணிக்கட்டு வாட்ச் பச்சை விளக்கைத் தோலுக்குள் அடித்து, ரத்தம் அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துத் துடிப்பை ஊகிக்கிறது. வேகத்தை ஏற்றி இறக்கி ஓடும்போது பின்தங்கும், வாட்ச் பட்டை தளர்ந்தால் தடுமாறும். நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின் துடிப்பையே நேரடியாக எடுக்கிறது. விலையோ வாட்சில் நான்கில் ஒரு பங்குகூட வராது. போனோடு இணைத்துக்கொள்ளலாம். அப்படியில்லாமல், "போனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை", "ஓடும்போதே வேகம் தெரிய வேண்டும்" என்று எழுதியிருந்தால், வாட்ச் உங்களுக்கு உண்மையாகவே வேண்டும். மகிழ்ச்சியாக வாங்குங்கள். பக்கம் ஏறக்குறைய வெற்றாக இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன். முதல் வேலை அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். எண்பதுகளின் கடைசி. பள்ளியில் ஸ்டாப்வாட்ச் கிடையாது. மாவட்டப் போட்டிக்குப் போனபோது இன்னொரு டீச்சர் கழுத்தில் கறுப்பு நிற ஜப்பான் டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச் ஒன்று தொங்கியது. விநாடியில் நூறில் ஒரு பங்கு காட்டும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கடன் கொடுக்க ஆள் இருந்தது, அப்பாதான் வேண்டாம் என்றார். பதினான்கு மாதம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பணம் போட்டேன். அந்தப் பதினான்கு மாதமும் என் கைக்கடிகார விநாடி முள்ளை வைத்துத்தான் பிள்ளைகளை ஓடவைத்தேன். முள்ளில் துல்லியம் இல்லாததால் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியதாயிற்று. எந்தப் பெண் வளைவில் தோளை இறுக்குகிறாள், எவள் 300 மீட்டரில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள் என்று கண்ணாலேயே பிடிக்கப் பழகினேன். ஸ்டாப்வாட்ச் வந்தபோது அதை எப்போது அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உடனே கிடைத்திருந்தால் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்த உறுத்திய வரி. 2018இல் நானும் ஒரு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கினேன், தவணையில். வீட்டில் விலையைப் பாதியாகச் சொன்னேன். முப்பது வருஷம் பொறுமை சொல்லிக்கொடுத்தவள்தான், ஆனாலும் செய்தேன். சமையலறைக்குப் போகும்போது கழற்றி வைப்பேன், யாராவது உற்றுப் பார்த்தால் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வேன். மூன்றாவது மாதம் தவணைக் குறுஞ்செய்தி வந்தபோது போன் என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. நான்கைந்து நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த வருஷம் அவருக்குக் கண்ணாடி மாற்றச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார், செலவு கூடுதலாக இருக்கிறது என்று அவர் தள்ளிப் போட்டிருக்கிறார். பேப்பரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துப் படித்துக்கொண்டிருந்ததை நான் தினமும் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. மறுநாளே கண்ணாடிக் கடைக்குப் போனோம். வாட்ச் நல்ல வாட்ச்தான், ஆறு வருஷம் உழைத்தது. ஆனால் அதைக் கட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வரும்.

மனைவியிடம் முழு விலையைச் சொல்லுங்கள், தம்பி. வீடியோ பார்த்துத் தூங்குவதையும் சொல்லுங்கள். "எனக்கு இது மேல் ரொம்ப ஆசை, ஒன்பது மாதம் பணம் சேர்க்கப் போகிறேன், உனக்கு ஏதாவது தள்ளிப் போட்டது இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர் ஏதாவது சொன்னால் அதையும் அந்த நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி வீடியோவை மட்டும் இன்றோடு நிறுத்தினால் நல்லது. அந்த அரைமணி நேரம் தூங்கினாலே மறுநாள் ஓட்டம் இலகுவாக இருக்கும்.

கேள்வி: வயது 46. மூன்று வருஷமாகச் சர்க்கரை. மகள் பெங்களூரில் இருந்து வாட்ச் அல்லது மோதிரம் வாங்கி அனுப்புகிறேன் என்கிறாள். ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் வாட்ச் 4,000 ரூபாய்க்கு வருகிறதாம். தினம் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும், அதை எண்ண ஏதாவது வேண்டும் என்கிறார்கள். என்னால் ஆறாயிரத்துக்கு மேல் முடியவில்லை. — வாசகி, ஈரோடு.

பதில்: சகோதரி, அந்த 4,000 ரூபாய் வாட்சை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். இது சிக்கன விஷயம் இல்லை, உயிர் விஷயம். தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரை அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி கொடுத்ததில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அது காட்டும் தப்பான எண்ணை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயங்கிவிடலாம். மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வேறு. அதில் முடிபோன்ற ஓர் இழை தோலுக்குள் இருக்கும், ஒன்று ஏறக்குறைய இரண்டு வாரம் வரும். அது வேண்டுமா என்று உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

பத்தாயிரம் அடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965இல், யமாசா என்ற ஜப்பான் கம்பெனி அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றது. பெயர் மான்போ-கெய், அதாவது பத்தாயிரம் அடி மானி. பொருளின் பெயராக வந்த எண், மருத்துவர் சீட்டில் எழுதியதைப் போல உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம் ஊரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் குறித்த நடைப்பாதையும் 8 கிலோமீட்டர், ஏறத்தாழ அதே பத்தாயிரம் அடி. நல்ல முயற்சிதான், முடிந்தவர்கள் நடக்கட்டும். ஆனால் முடியவில்லை என்று நீங்கள் மனம் உடைய வேண்டாம். ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்தப் பலன் பெரிதாகக் கூடவில்லை. அவர்கள் உங்களைவிட மூத்தவர்கள் என்பது உண்மைதான், என்றாலும் ஆறாயிரம் ஒன்றும் வீண் இல்லை என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஆறாயிரத்தை ஒரே நேரத்தில் நடக்காமல் பிரியுங்கள். மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம், தெருவிலோ மொட்டை மாடியிலோ. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை அதில் தணியும். எண்ணுவதற்கு உங்கள் போனே போதும், சட்டைப்பை இல்லாத நமக்கு ஒரு சின்னத் துணிப்பை வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மகளிடம், வாட்சுக்குப் பதிலாகக் குளுக்கோமீட்டர் பட்டைகள் இரண்டு டப்பாவும் ஒரு நல்ல நடைக் காலணியும் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் ஒரு கொப்புளம்கூட வரக் கூடாது. அவள் கொடுக்க நினைத்த அன்பு அதிலும் அப்படியே இருக்கும்.

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு. 100, 200 மீட்டர் ஓடுகிறேன். மைதானத்தில் எல்லோர் கையிலும் ஸ்மார்ட் வாட்ச். எனக்கு மட்டும் இல்லை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், கேட்க மனம் வரவில்லை. ஆனால் வெட்கமாக இருக்கிறது. — மாணவன், நாகர்கோவில்.

பதில்: கேட்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்துக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன், தம்பி.

உன் ஓட்டத்துக்கு அந்த வாட்ச் உதவாது. ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளித்தான் இடத்தைக் காட்டும். மாரத்தான் ஓடுகிறவருக்கு அது பெரிதில்லை, 100 மீட்டரில் சில மீட்டர் என்பது முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள தூரம். உனக்கு வேண்டியது துப்பாக்கிப் புகையைப் பார்த்து அமுக்கத் தெரிந்த ஒரு கை. கோச்சிடம் கேள். அவர் கையால் எடுத்த நேரத்தோடு 0.24 விநாடி கூட்டிக்கொண்டால்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிட முடியும் என்பதையும் தெரிந்துகொள். 11.2 என்று அவர் சொன்னால் 11.44 என்று எழுது. பணம் சேர்ந்தால் முதலில் ஸ்பைக்ஸ், அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ. வெட்கம் இருக்கத்தான் செய்யும், உன் வயதில் எனக்கும் இருந்தது. ஸ்டார்ட்டிங் பிளாக்கில் உட்கார்ந்தபின் யார் கையில் என்ன என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: இரண்டு பேண்ட், உடல் கொழுப்பு காட்டும் எடை மெஷின், மசாஜ் கன் எல்லாம் தள்ளுபடியில் வாங்கி அலமாரியில் கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்வு. எடை மெஷின் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டுகிறது. — மதுரை, வயது 52.

பதில்: மெஷின் கெட்டுப்போகவில்லை. உள்ளங்கால் வழியாக மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, தடையை வைத்துத்தான் அது கொழுப்பை ஊகிக்கிறது. உடம்பில் தண்ணீர் கூடினால் குறைந்தால் எண் மாறும். தினமும் காலையில் கழிவறை போய்வந்தபின், சாப்பிடும் முன், ஒரே நேரத்தில் நின்று பாருங்கள். கொழுப்பு எண்ணை விட்டுவிட்டு எடையை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை எழுதுங்கள், போதும். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் அவர்கள் அதில் ஏறக் கூடாது.

மற்றவற்றை அலமாரியில் வைத்துக்கொண்டு வருந்துவதால் போன பணம் வராது. பேட்டரி சும்மா கிடந்தாலும் வயதாகும். வருஷம் கழித்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்குக் குறைவான நாள்தான் ஓடும், அதனால் இந்த வாரமே செய்யுங்கள். ஒரு பேண்டை நடக்க ஆரம்பித்திருக்கும் யாருக்காவது கொடுங்கள், இன்னொன்றை விற்றுவிடுங்கள். கொடுக்கும் முன் உங்கள் போன் செயலியில் இருந்து பிரித்து, பேண்டில் இருப்பதை முழுசாக அழித்துவிடுங்கள். உங்கள் தூக்கம், நாடித்துடிப்பு எல்லாம் அதில் இருக்கும்.